ஊர்க்கூட்டமா, ஐந்தைந்து பேராகப் பேசுவதா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கடல்பாசி வளர்க்கும் 40 பெண்கள் நாங்கள். அவரவர் காயவைத்து அவரவர் விற்றதை விட்டு, ஒரே களத்தில் காயவைத்து ஒன்றாக விற்பது என்று போன வருடம் மாறினோம். அதைப் புரியவைக்க இரண்டு வழியிலும் முயன்றேன்.

முதலில் எல்லோரையும் கூட்டினேன். தீர்மானம் படித்தேன், கை தூக்கினார்கள், கையெழுத்தும் ஆயிற்று. ஒரே சாயங்காலத்தில் வேலை முடிந்தது. "எனக்குச் சொல்லவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பாசி கட்டி அறுக்க 45 நாள் ஆகும். கூட்டத்தில் கேட்டது அதுவரை மனதில் நிற்கவில்லை. 'எடைப்படி பணம்' என்றுதான் எழுதியிருந்தோம். பச்சை எடையா, காய்ந்த எடையா? 10 கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். அவரவர் வாசலில் காயவைத்த வரையில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. பொதுக்களத்தில் கொட்டியதும், "என் பாசி எங்க போச்சு மதினி?" என்று ஆளாளுக்குச் சந்தேகம். எடை போடும் நாளெல்லாம் நான் தராசுப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்த அறுவடைக்கு முன் ஐந்தைந்து பேராக உட்கார்ந்தோம். நான் பேசுவதைக் குறைத்து, "வீட்டில் கேட்டால் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். அவர்கள் வாயால் சொல்லும்போதுதான் ஓட்டை தெரிந்தது. மூன்றாவது குழுவில் ஓர் அக்கா, "தண்ணி வடியாம கொண்டாந்தா எடை கூடுமே, அது அவளுக்கு லாபம்தானே?" என்றார். விதியையே மாற்றினோம்: கரையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, இருவர் முன்னால் எடை போட்டு, சிட்டையில் எழுதுவது, விற்ற பணத்தை அந்தப் பச்சை எடையின் விகிதத்தில் பிரிப்பது. ஏற்கெனவே பேசிய இரண்டு குழுக்களிடமும் திரும்பப் போய் இதைச் சொன்னேன்.

எட்டு முறை உட்கார மூன்று வாரம் போனது. எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. கூட்டம் போட்டுச் சொன்னால், பிறகு வரும் ஒவ்வொரு கேள்வியும் தலைவியிடமே வந்து நிற்கும். இப்போது ஒவ்வோர் ஐந்து பேரிலும் பதில் சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாள். நான் பரமக்குடி போயிருந்த நாளிலும் சண்டையில்லாமல் எடை போட்டிருந்தார்கள்.

கச்சான் (தென்மேற்குக்) காற்று வலுத்து மிதவைகளை அவசரமாக இழுக்க வேண்டுமென்றால், சரி, எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடத்தான் வேண்டும். 300 பேர் சங்கம் எதையும் நான் நடத்தியதில்லை. அங்கே ஒருவரே எல்லோருடனும் உட்கார முடியாது, பேசுவதற்குப் பலரைப் பழக்க வேண்டும். வாய்க்கு வாய் விதி மாறிப்போகுமே என்ற பயம் எனக்கு உண்டு.