கிரேஹவுண்ட் பராமரிப்புப் பணியாளர்களுக்கான மேற்பார்வைப் பயிற்சி: என் மதிப்பீடு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிரேஹவுண்ட் என்னும் பந்தய நாய்களுக்கான கொட்டில் ஒன்றை மேற்பார்வையிடும் நான், புதிய பணியாளர்களைப் பழக்கும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ள விரும்பி, தனியார் நிறுவனம் ஒன்றின் இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் காலை முழுவதையும் கழுத்துப்பட்டைக்கே ஒதுக்கியது மிகச் சரியான முடிவு. கிரேஹவுண்டின் தலை ஒடுங்கியது, கழுத்தோ தடித்தது. ஆகவே நாய் பின்வாங்கி இழுத்தால் சாதாரணப் பட்டை எளிதில் கழன்றுவிடும். பயிற்றுநர் வேண்டுமென்றே பட்டையைத் தளர்வாகக் கட்டிக் காட்டியபோது, அந்தச் சாம்பல் நிறப் பெண் நாய் இரண்டே அடி பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டது. அகலமான பட்டையைக் காதுகளை ஒட்டி உயர்த்திக் கட்ட வேண்டியதன் அவசியம் எல்லோருக்கும் அக்கணமே விளங்கிவிட்டது. கயிற்றை விரல்களில் சுற்றிக்கொள்ளக் கூடாது, உறங்கும் நாயைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், ஓட்டம் முடிந்த பின்னும் வாய்க்கூட்டை (கடிக்காதபடி நாயின் வாயில் மாட்டும் கூண்டு) கழற்ற அவசரப்படக் கூடாது என்பவற்றையும் காரணத்தோடு விளக்கினார்கள். ஓடி முடித்த நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால், அதனை நீரால் குளிர்விக்கும் முறையை நாங்களே செய்து பழகினோம்.

ஆனால் மேற்பார்வை குறித்த பகுதி ஏமாற்றமளித்தது. அனுபவமற்றவரை எப்போது தனியாக விடலாம், தவற்றை நாய் மிரளாதபடி எவ்வாறு திருத்துவது என்ற முக்கியமான கேள்விகளை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கையாளும் திறனுக்காக என் பணியாளர்களை இங்கே தயங்காமல் அனுப்புவேன். மேற்பார்வையாளர்களுக்கு இன்னும் ஒரு நாள் தேவை.