புறம்போக்கு மேய்ச்சலா, கொறங்காடா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் மாமா செம்பனைத் தோட்டத்துக்குள் மாடு மேய்க்கிறார். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மாடு கடித்த புல் சில வாரத்தில் மறுபடி எழுந்துவிடும். அந்தக் கண்ணோடு தாத்தா பிறந்த, தமிழ்நாட்டின் வறண்ட காங்கயம் பக்கத்தைப் பார்க்கக் கூடாது.

வறண்ட நிலத்தில், புறம்போக்கில் நாள்தோறும் மேயவிட்டால் வேலிச் செலவு இல்லை. சரி. ஆனால் மாடு ருசியான புல்லைத் தேடிப்பிடித்து, துளிர்த்ததும் திரும்ப அதையே கடிக்கும். இலை இழந்த தூருக்கு வேர்விடத் தெம்பு இருக்காது. பல்லாண்டுப் புல் போய் ஓராண்டுப் புல் வரும், அப்புறம் சீமைக்கருவேலம். காய்ந்த சாணியைப் பிட்டுப் பாருங்கள், அதன் விதை முழுசாக இருக்கும். தின்ற மாடே விதைத்துவிடுகிறது.

கொறங்காடு என்பது அந்தப் பக்கத்தில் சொந்த நிலத்தில் வேலிகட்டி வைக்கும் மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் மாடு மேயும்போது அடுத்தது ஓய்ந்திருக்கும். புல் விதை உதிர்க்க அவகாசம் கிடைக்கும். வெள்வேலங்காயும் தீவனம்தான். சொந்த நிலம் வேண்டும் என்பதே குறை. நிலமில்லாதவருக்குப் புறம்போக்கை விட்டால் வேறு கதியில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் கொறங்காட்டையே தேர்ந்தெடுப்பேன். ஆனாலும் நிலம் தாங்குவதற்கு மேல் மாடு வைத்திருந்தால், காடு மாற்றி மாற்றி மேய்த்தாலும் புல் நிற்காது. மழை பொய்த்த வருஷத்தில் முதலில் மாட்டின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.