லீவன்ஹூக் நுண்ணோக்கியின் பித்தளை நகல் வாங்கலாமா?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டில் தன் கையாலேயே செய்துகொண்ட நுண்ணோக்கியின் நகல் இது. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரிய கருவி என்று நினைத்துவிடுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சேர்த்து ரிவெட் அடித்த இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே கடுகளவு ஒற்றை லென்ஸ், பின்பக்கம் பார்க்க வேண்டியதை ஒட்டி வைக்க ஓர் ஊசி முனை. நீளமான திருகு அந்த ஊசியை மேலும் கீழும் நகர்த்தும், குட்டித் திருகு லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவரும். அவ்வளவுதான்.

பார்ப்பது சுலபமில்லை. இமைமுடி தகட்டில் உரசுகிற அளவுக்குக் கண்ணை ஒட்டிவைத்து, வெளிச்சம் வரும் பக்கம் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு குட்டித் திருகை மயிரிழை அளவு திருப்பினால், அதுவரை கறுப்பாகக் கலங்கிக் கிடந்த ஈயின் கால் சட்டென்று தெளிகிறது, முடி முடியாக. உடம்பு சிலிர்த்துவிட்டது. கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பாட்டைப் பட்டால்தான் அந்த மனிதர் செய்தது என்னவென்று புரிகிறது. பல்கலைக்கழகம் போனதில்லை, டச்சு தவிர வேறு மொழி தெரியாது, ஆனால் சுமார் 50 வருடம் அறிவியலாளர்களின் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்க அதைத் தண்ணீரில் ஊறப்போட்டவர், 1676இல் அந்தத் தண்ணீரில் அதுவரை யாரும் கண்டிராத பாக்டீரியாக்களைக் கண்டார். லண்டனில் நம்பத் தயங்கினார்கள். பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார், அப்புறம் 1677இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தானும் முயன்று கண்டு சொசைட்டியில் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. 1680இல் லீவன்ஹூக்கையே உறுப்பினராக்கிக்கொண்டார்கள்.

சரி, குறைகள். கூட வரும் துண்டுத்தாளில் ‘நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறு. 1632இல் அவர் பிறக்கும் முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்கள் கொண்ட கூட்டு நுண்ணோக்கிகள் இருந்தன, நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பற்றிய ஹூக்கின் மைக்ரோகிராஃபியா என்ற புத்தகம் 1665இலேயே வந்துவிட்டது. லீவன்ஹூக்கின் சாதனை, ஒற்றை லென்ஸை வைத்தே அவற்றையெல்லாம் மிஞ்சியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருக்கும் அவருடைய கருவி சுமார் 270 மடங்கு பெரிதாக்கும். தன் சிறந்த லென்ஸ்களைச் செய்யும் முறையை அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. 2021இல் நியூட்ரான் கதிர்களால் உள்ளே ஊடுருவிப் பார்த்தபோதுதான், உட்ரெக்ட் கருவியின் லென்ஸ் உருக்கிச் செய்த கண்ணாடி உருண்டை என்று தெரிந்தது, அதுவும் ஹூக் தன் புத்தகத்தின் முன்னுரையில் விவரித்திருந்த அதே வழியில்! இவ்வளவு அருமையான கதையை விட்டுவிட்டுத் தப்பான ஒரு வரியைப் போட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குட்டித் திருகின் மரையும் கொஞ்சம் லூசு, ஃபோகஸ் நழுவுகிறது. தண்ணீரைப் பார்க்க மெல்லிய கண்ணாடிக் குழாய் வேண்டும், பெட்டியில் அது இல்லை.

இருந்தாலும் லென்ஸ் நன்றாக இருக்கிறது, அதனால் வாங்கச் சொல்வேன். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், பொறுமை போய்விடும். பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கண்ணாடிக் குழாயைச் சேர்த்தே வாங்கி, ஊசி முனையில் மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு, குளத்துத் தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள்.