ரிச்சி தெருவில் ‘புது’ லேசர் புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம்

சைதாப்பேட்டையிலும் தாம்பரத்திலும் வாடகை ஹாலில் டிஎன்பிஎஸ்சி வகுப்பு எடுக்கிறேன். இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு லேசர் புரொஜெக்டர் வாங்க வேண்டும் என்று ஆறு மாதம் சீட்டுப் பணம் சேர்த்து, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். பல்பு ரகம் சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கிவிடும். லேசருக்கு 20,000 மணி நேரம் என்று கம்பெனிகளே போடுகின்றன. அந்த 20,000-க்காகத்தான் கூடுதல் காசு கொடுக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். “மேடம், இதுல வைஃபை இருக்கு, லேன் இருக்கு, எச்டிஎம்ஐ ரெண்டு இருக்கு. எதுல வேணா போட்டுக்கலாம்.” என் போனையே வாங்கி இணைத்துக் காட்டினார். போனில் வந்த பட்டியலில் ‘மீட்டிங் ரூம் 2’ என்று ஒரு பெயர் இருந்தது. அதைத் தட்டியதும் என் வாட்ஸ்அப் திரை சுவரில் பெரிதாக வந்தது. மாடியில் ஏதோ அறை வைத்திருக்கிறார்கள் போல, அதன் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்ற கவலையில், வேறு எதையும் கவனிக்கவில்லை.

விலை 62,000. பில் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி சேரும் என்றார். எஸ்டிமேட் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டித் தேர்வுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடத்துகிறவள் நான். சிரிக்க வேண்டுமானால் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து ஆன் செய்தால், வைஃபை மெனுவே மங்கலாக இருந்தது. அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். “அது ஆப்ஷனல் மேடம். பின்னாடி யூஎஸ்பில ஒரு டாங்கிள் போடணும். 8,500 ஆகும்.” அப்போதுதான் புரிந்தது. கடையில் காட்டும்போது பின்னால் அவர்களுடைய டாங்கிள், அதாவது வைஃபை பிடிக்கிற சின்னக் குச்சி, செருகியிருந்தது. பேக் செய்யும்போது கழற்றிக்கொண்டார்கள். பெட்டியின் மேல் ‘வயர்லெஸ் ரெடி’ என்று அச்சாகியிருக்கிறது. வாங்கிப் போட்டால் வேலை செய்யும் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். கடைகளில் விற்கிற முந்நூறு ரூபாய் வைஃபை டாங்கிளைச் செருகிப் பார்த்தேன், ஏற்கவில்லை. பல மாடல்கள் அந்தந்தக் கம்பெனியின் டாங்கிளை மட்டும்தான் ஏற்கும்.

சரி, லேன் இருக்கிறதே என்று தாம்பரம் ஹாலில் ரூட்டரிலிருந்து 20 மீட்டர் கேபிள் இழுத்தேன். கடைக்காரரே அனுப்பிய பையன் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “ரூட்டர் பழசு மேடம், புதுசு மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அதே ரூட்டரில் என் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை அவனுக்கு. புரொஜெக்டரின் நெட்வொர்க் மெனுவைத் திறந்தவன் உடனே நிமிர்ந்து பார்த்தான்.

“சித்தி, இது புதுசுன்னா குடுத்தாங்க?”

புது சாதனம் என்றால் பெரும்பாலும் டிஎச்சிபி ஆன் செய்திருக்கும், அதாவது ரூட்டர் கொடுக்கிற முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும் என்றான். இதில் அதை யாரோ அணைத்து, 192.168.0.50 என்று கையால் முகவரி போட்டிருந்தார்கள். தாம்பரம் ரூட்டரோ 192.168.1 வரிசை. வீட்டு எண் இருக்கிறது, தெரு வேறு. எப்படிப் பேசிக்கொள்ளும்? டிஎச்சிபியை ஆன் செய்தான், அரை நிமிடத்தில் இணைந்துவிட்டது.

ஆனாலும் படம் வரவில்லை. இந்த மாடலில் லேன் ஓட்டை படத்துக்கானதே இல்லை. பெரிய ஆபீஸ்களில் பத்து புரொஜெக்டரை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆன், ஆஃப் செய்வதற்கும் கண்காணிப்பதற்கும் வைத்தது. பெட்டியில் ‘பிஜேலிங்க்’ என்று பெருமையாகப் போட்டிருந்ததும் இந்தக் கட்டுப்பாட்டு வசதியைத்தான். சில மாடல்களில் லேன் வழியாகவும் படம் அனுப்பலாம், அதற்குக் கம்பெனியின் மென்பொருளை லேப்டாப்பில் போட வேண்டும். ஆகவே கடையில் “லேன் இருக்கா” என்று கேட்காதீர்கள். “லேன்ல படம் வருமா, கன்ட்ரோல் மட்டுமா” என்று கேளுங்கள். வரும் என்றால் வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவன் விடவில்லை. புரொஜெக்டருக்குக் கிடைத்த முகவரியை லேப்டாப் பிரவுசரில் அடித்தான். ஒரு பக்கம் திறந்தது. புரொஜெக்டரின் பெயர்: மீட்டிங் ரூம் 2. லேசர் ஓடிய நேரம்: 1,140 மணி.

நான் வாங்கி ஓட்டியது மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கும்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி சீரியல் நம்பரைச் சொன்னேன். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகிறது என்றார்கள். யாரோ ஒரு ஆபீஸில் கழித்துக்கட்டியதைத் துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால், “டெமோ பீஸ்னு சொன்னேனே மேடம்” என்கிறார். அப்புறம் குரலை இறக்கி, டாங்கிளை இலவசமாகத் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார்.

இத்தனைக்கும் அந்த மணிக் கணக்கைப் பார்க்க நெட்வொர்க்கே தேவையில்லை. ரிமோட்டில் மெனு, அதில் தகவல் பக்கம் போனால் அங்கேயே இருக்கிறது. கடையில் நின்றபடி இருபது விநாடியில் பார்த்திருக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் வாங்கிய பொருள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். “வகுப்பு நடத்துறீங்க, வியாபாரத்துக்கு வாங்கினது, கேஸ் நிக்காது” என்று கடைக்காரர் சட்டம் பேசினார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பில் இல்லாதது பெரிய பலவீனம்தான். 62,000-ஐயும் ஜிபேயில் அனுப்பியதாலும், “புது பீஸ் ரெடி மேடம்” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருப்பதாலும் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்.

வகுப்பு நிற்காமல் இருக்க, டாங்கிளை வேறு இடத்தில் பில்லோடு வாங்கினேன். அதிலும் ஒரு வாரம் தலைவலி. சைதாப்பேட்டை ஹாலில் விருந்தினர் வைஃபைதான் தருகிறார்கள். அதில் இருக்கிற கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்களாம். போன் இணைகிறது, புரொஜெக்டர் இணைகிறது, இரண்டும் சந்திக்கவே இல்லை. இப்போது 1,100 ரூபாய்க்கு ஒரு சின்ன ரூட்டர் வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் கிரிக்கெட் பார்க்க வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பணம் கட்டிப் பார்க்கிற ஆப்களில் பல, போன் திரையை அனுப்பினால் கறுப்பாகத்தான் வரும். அதையும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

புரொஜெக்டரின் பெயரை மாற்றக் கூடாது, அது ஆதாரம் என்று அக்கா பையன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் ‘மீட்டிங் ரூம் 2’ உடன் இணைக்கவா என்று போன் கேட்கிறது. சரி என்று தட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.