செக்கும்புல் அருவிக்கு ஆப்ல டூர் புக் பண்றவங்க கவனத்துக்கு: ₹8,200 போச்சு

எட்டாயிரத்து இருநூறு ரூபாய். பாலித் தீவோட வடக்குப் பக்கம் இருக்கற செக்கும்புல் அருவிக்கு ஒரு ஆள், ஒரு பகல் போயிட்டு வர்றதுக்கு. அதுலயும் அருவிக்கடியில போய் நிக்கவே முடியலை, மேட்டுல இருந்து எட்டிப் பார்த்ததோட சரி. டூர் டிக்கெட் விக்கற ஒரு ஆப், அந்த ஆப் கைகாட்டின உள்ளூர் ஏஜென்ட், வழியில ஒரு தகரக் கொட்டகை, மூணும் சேர்ந்து உரிச்சுட்டாங்க. ஆப்புக்கு ₹6,900. கொட்டகைக்கு இரண்டரை லட்சம் ரூபியா, நம்ம காசுக்கு ₹1,300. பேரைப் போட்டா நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால போடலை. ஆனா இது எப்படி நடக்குதுன்னு படிப்படியா சொல்றேன். தனியா போறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில முழுப் பட்டியலே தர்றேன்.

முதல்ல இடத்தைப் பத்தி. செக்கும்புல் பூலேலெங் மாவட்டத்துல, சிங்கராஜா டவுனுக்குத் தென்கிழக்கே மலைச்சரிவுல இருக்கற கிராமம். டூரிஸ்டுகள் தங்கற உபுட் ஊர்ல இருந்து கார்ல இரண்டு, இரண்டரை மணி நேரம். தெற்குக் கடற்கரையில குட்டா, செமின்யாக் பக்கம் தங்கினா இன்னும் அதிகம். நேரா போற பஸ் கிடையாது. கிராப், கோஜெக் மாதிரி டாக்ஸி ஆப்ல போறதுக்கு வண்டி கிடைச்சாலும் திரும்பி வர அந்த மலையில கிடைக்கும்னு நம்ப முடியாது. ஸ்கூட்டர் எடுக்கலாம். ஆனா பெடுகுல் மலைப்பாதை வளைவுல, மத்தியான மழையில, பழக்கம் இல்லாதவங்க ஓட்டறது வேண்டாத வேலை. இன்டர்நேஷனல் பெர்மிட்ல டூவீலர் வகுப்பு இல்லைன்னா விபத்துக்கு டிராவல் இன்சூரன்ஸும் கைவிரிச்சுடும். ஆகமொத்தம் தனியா போறவங்களுக்குக் கார்தான் வழி, நாலு பேர் பங்கு போடற வண்டிக் காசு ஒருத்தர் தலையில விழும். இந்த இக்கட்டைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் “கார், டிரைவர், நுழைவுச் சீட்டு, உள்ளூர் வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து”ன்னு ஒரே விலை போட்டு விக்கறாங்க. ₹6,900க்கு வாங்கினது இதைத்தான். “நுழைவுச் சீட்டு உட்பட”ன்னு பச்சை டிக் போட்டுத் தனி வரியா இருந்தது.

காலையில சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து ஹோட்டல் வாசல்ல நிக்குது. டிரைவர் கைகூப்பி வணக்கம் வைக்கறார், கதவைத் திறந்து விடறார், ஜில்லுனு தண்ணி பாட்டில் தர்றார். யாருக்குச் சந்தேகம் வரும்? சீட் பெல்ட் போடறதுக்குள்ள, “டிக்கெட் காட்டுங்க சார், ஸ்கேன் பண்ணிக்கறேன்”னு போனை நீட்டறார். ஆப்ல இருக்கற க்யூஆர் கோடு மேல அவர் போனைப் பிடிக்கறார், டிங்னு ஒரு சத்தம், சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறார். அவ்வளவுதான் முடிஞ்சது. ஆப்போட கணக்குல அந்த நொடியில டூர் “பயன்படுத்தப்பட்டது” ஆயிடுச்சு. வண்டி இன்னும் ஹோட்டல் கேட்டைத் தாண்டலை!

அந்த ஸ்கேன் என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். வாடிக்கையாளர் கட்டின காசு நேரா ஏஜென்ட் கைக்குப் போறதில்லை, ஆப் பிடிச்சு வச்சிருக்கும். சேவை கொடுத்தாச்சுங்கறதுக்கு ஆதாரம் அந்த ஸ்கேன்தான். ஸ்கேன் ஆனதும் ஏஜென்டுக்குக் காசு உறுதி, கேன்சல் பட்டன் காணாமப் போயிடும். அருவிக்கு ஏத்துக்கிட்டுப் போறது, சீட்டு எடுக்கறது, வழிகாட்டியை அனுப்பறது எல்லாம் அதுக்கு அப்புறம் அவங்க பெருந்தன்மை. அதனாலதான் அருவி வாசல்ல பண்ண வேண்டிய ஸ்கேனை விடிகாலையில ஹோட்டல் வாசல்லயே பண்ணிடறாங்க.

அடுத்தது கொட்டகை. செக்கும்புல் போற ரோட்டுல ஊருக்கு முன்னாடியே ஓரமா தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, லேமினேட் பண்ணின விலைப்பட்டியல், ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு மூணு பேர். பைக்ல வர்றவங்களைக் கைகாட்டி நிறுத்தறாங்க. நம்ம டிரைவரை யாரும் நிறுத்தவே இல்லை, அவரே ஓரங்கட்டினார். “இங்கதான் ரெஜிஸ்ட்ரேஷன், வழிகாட்டி கட்டாயம், இரண்டரை லட்சம் ரூபியா, ரொக்கம்.” டூர்ல நுழைவுச் சீட்டு சேர்ந்ததுன்னு ஆப்பைக் காட்டினா, அந்த ஆளு போன் திரையைப் பார்க்கக்கூட இல்லை, டிரைவரைப் பார்த்துச் சிரிக்கறான். டிரைவர் சொன்ன பதில்: “இப்ப கட்டிடுங்க சார், ரசீதை அனுப்பினா ஆப்ல திருப்பித் தந்துடுவாங்க.” இரண்டு சிவப்பு நோட்டு, ஒரு நீல நோட்டு. ரசீதுன்னு கொடுத்தது முத்திரையோ வரிசை எண்ணோ இல்லாத, பால்பாயிண்ட்ல கிறுக்கின துண்டுச் சீட்டு.

உண்மையான கவுன்டர் அதுக்கு அப்புறம், அருவிக்கு நடக்க ஆரம்பிக்கற பார்க்கிங் பக்கத்துல இருக்கு. அங்க இருந்தவங்க மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “இது எங்களுது இல்லை”ன்னு மரியாதையா சொன்னாங்க. அங்க மூணு வகைச் சீட்டு. பார்வை மேடை வரைக்கும் மட்டும் போறது ரொம்ப மலிவு, வழிகாட்டி தேவையில்லை. அருவிக்கடிக்கு இறங்கணும்னா வழிகாட்டியோட சேர்த்து ஒரு சீட்டு. பக்கத்து லெமுகி ஊர்ப் பக்கம் இருக்கற ஃபிஜி அருவியையும் சேர்த்துச் சுத்தணும்னா அதைவிட அதிகம். நடு வகைச் சீட்டு முன்னாடி ரொம்ப நாளா 1,25,000 ரூபியாதான் இருந்தது. ஏறியிருந்தாலும் விலை பலகையில எழுதியிருக்கும், சீட்டும் அச்சடிச்சது. அதாவது இறங்கறதுக்குத் தனியா கட்டியாகணுங்கறது நிஜம், அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய இடம் இது. கொட்டகைக்காரன் பொய் அந்த நிஜத்து மேலதான் சவாரி பண்ணுது.

கையில ரொக்கம் இல்லை, பக்கத்துல ஏடிஎம் இல்லை. டிரைவர் வேற “மத்தியானத்துக்குள்ள கிளம்பலைன்னா எக்ஸ்ட்ரா நேரம், மணிக்கு இவ்வளவு”ன்னு ஆரம்பிச்சுட்டார். சில்லறையைப் பொறுக்கிப் பார்வை மேடைச் சீட்டு வாங்கினதோட கதை முடிஞ்சது. மதியச் சாப்பாடு? இரண்டு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட்.

எதை இழந்தோம்னு தெரிஞ்சாத்தான் கோபம் புரியும். பார்க்கிங்ல இருந்து கிராம்பு, காப்பி, கோகோ மரங்களுக்கு நடுவுல சந்து மாதிரி பாதை, கால் மணி நேரத்துல பார்வை மேடை. அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள்ள செங்குத்தா முந்நூத்துக்கு மேல கான்கிரீட் படி. படி உயரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது, பாசி வேற. இறங்கறப்போ முழங்கால் நடுங்கும், ஏறறப்போ மூச்சு வாங்கும். கீழே ஓடையைக் கால் வச்சுக் கடக்கணும். கணுக்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும் தண்ணி, அடியில உருண்டைக் கல். ஹவாய் செருப்பு அங்கயே அறுந்துடும், பின்னால வார் வச்ச ரப்பர் செருப்புதான் சரி. எண்பது மீட்டர் உயரத்துல இருந்து விழற தண்ணியோட சாரல் தூரத்துலயே நனைச்சுடும், போனை ஜிப் கவர்ல போடாம இறங்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துல விழற அருவியில ஒண்ணு ஊத்துத் தண்ணி, தெளிவா இருக்கும். இன்னொண்ணு ஆத்துத் தண்ணி. அது காப்பிக் கலர்ல மாறினா மேலே மலையில மழைன்னு அர்த்தம். கீழே வெயில் அடிச்சாலும் உடனே படி ஏறிடணும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் இது சகஜம். தனியா வர்றவங்களுக்கு வழிகாட்டி அவசியம்னு சொல்றதுல நியாயம் இருக்கறதே இந்தத் தண்ணிக்காகத்தான். அந்த ₹8,200ல உண்மையான வழிகாட்டி, வண்டி, சாப்பாடு, காப்பி எல்லாம் போக மிச்சமும் இருந்திருக்கும்.

இப்ப அலைக்கழிப்பு. ஆப்ல புகார் போட்டதும் முதல்ல இயந்திரம் பேசுது: “உங்கள் பயணம் இனிமையாக அமைந்ததா?” நாலு தடவை “ஆள் வேணும்”னு அடிச்சதும் ஒருத்தர் வந்தார். “பார்ட்னர்கிட்ட விசாரிச்சு 3 முதல் 5 வேலை நாள்ல சொல்றோம்.” நாள் கடந்ததும் வேற ஒருத்தர், முதல்ல இருந்து கதை கேட்கறார், திரும்பவும் ஸ்கிரீன்ஷாட் கேட்கறார். அப்புறம் வந்தது பதில்: “வவுச்சர் பயன்படுத்தப்பட்டுவிட்டதால் பணம் திருப்ப இயலாது. உங்கள் பொறுமைக்கு நன்றி.” பொறுமையாம்! ஏஜென்டுக்கு வாட்ஸப் பண்ணினா, “ஆப்கிட்ட கேளுங்க, நாங்க வண்டி மட்டும்தான்.” டிரைவர், “நான் அன்னிக்கு மாத்து டிரைவர், எனக்கு எதுவும் தெரியாது.” ஒருத்தன் கை இன்னொருத்தனைக் காட்டுது, அவன் கை ஆப்பைக் காட்டுது. இதுக்கு நடுவுல அந்த டூர் பக்கத்துல “நுழைவுச் சீட்டு உட்பட”ங்கற வரியே காணோம். “சில கட்டணங்கள் நேரில் செலுத்த வேண்டியிருக்கலாம்”னு ஒரு வரி முளைச்சிருக்கு. பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்ததால தப்பிச்சோம், இல்லைன்னா பொய் சொல்றோம்னே சொல்லியிருப்பாங்க. கடைசியா பெரிய மனசு பண்ணி ₹500க்கு அடுத்த டூருக்கான கூப்பன் தர்றாங்களாம். போனது ₹8,200, தர்றது ₹500 கூப்பன், அதுவும் அவங்ககிட்டயே செலவு பண்ணணும்.

கூப்பனை வாங்கிடாதீங்க. “பிரச்சினை தீர்க்கப்பட்டது”ன்னு புகாரை மூடறதுக்கான வழி அது. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் (கட்டின காசைத் திருப்பிக் கேக்கற புகார்) போடலாம், “விளம்பரத்துல சொன்ன சேவை கிடைக்கலை”ங்கற காரணத்துல. ஸ்டேட்மென்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, கெடு உண்டு. நம்ம ஊர்ல இருந்து வாங்கினவங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கு. 2020ஆம் வருஷத்து மின்வணிக நுகர்வோர் விதிப்படி, வெளிநாட்டு நிறுவனமா இருந்தாலும் இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விக்கறவங்க குறைதீர் அதிகாரியை வச்சிருக்கணும். அந்த அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்வு தரணும். சாட்ல இருக்கறவங்க அவர் இல்லை; ஆப்போட சட்டப் பக்கத்துல அடியில பொடி எழுத்துல மெயில் முகவரி இருக்கும், அங்க எழுதணும். 1915க்குப் போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிஞ்சா ஒரு எண் தருவாங்க. அதுவும் நகரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணம் கிடையாது. கொட்டகைக்குப் போன ₹1,300 மட்டும் கோவிந்தாதான், அந்தத் துண்டுச் சீட்டை வச்சு யார்கிட்ட போக?

பட்டியல் தர்றேன்னு சொன்னேன், பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். வாசல்ல ஸ்கேன் பண்ண விடாதீங்க. “கவுன்டர்ல சீட்டு கைக்கு வந்ததும் காட்டறேன்”னு சொல்லுங்க, முறைச்சா முறைக்கட்டும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி அருவி பார்க்கிங்கைக் குறிச்சு வச்சுக்கோங்க. இன்னும் கிலோமீட்டர் கணக்குல தூரம் காட்டறப்போ எவன் நிறுத்தினாலும் அது கவுன்டர் இல்லை, கண்ணாடியை இறக்காதீங்க. டூர் பக்கம் முழுசையும் புக் பண்ற அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. உபுட்லயே ஏடிஎம்ல எடுத்து ஒரு ஐந்து லட்சம் ரூபியா பிரிச்சுப் பிரிச்சு வச்சுக்கோங்க. ஒருத்தரே போறதா இருந்தா, ஹோட்டல்ல சொல்லி நாள் வாடகைக்குக் கார் மட்டும் எடுத்துட்டு, சீட்டும் வழிகாட்டியும் அருவி வாசல்ல நீங்களே எடுங்க. “எல்லாம் சேர்த்து”ன்னு எவன் சொன்னாலும் வாங்காதீங்க. பேங்க்ல டிஸ்ப்யூட் ஃபார்ம் கேட்டிருக்காங்க, அதை நிரப்பணும். ₹8,200.