ஆர்ம் பவுச், ரப்பர் பட்டை, ஏரி ரோடு: காலர் போன் உடைந்த பிறகு பதினொரு மாதம்

போன ஆகஸ்டில் வில்பட்டியில் மாமனார் வீட்டுப் பேரி மரத்தில் காய் பறிக்க ஏறினேன். ஏழடி உயரம்தான். ஏணியின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. இடது தோள் தரையில் மோத விழுந்தேன். காலர் போன், அதாவது கழுத்துக்குக் கீழே இருக்கும் காரை எலும்பு, நடுவில் உடைந்துவிட்டது. பேரிக்காய்க்கு ஒரு சேதாரமும் இல்லை என்று மைத்துனன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

மதுரையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு ரொம்ப விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், கையைத் தாங்கிப் பிடிக்கக் கழுத்தில் மாட்டுகிற பவுச் ஆறு வாரம் போதும் என்றார். ஊரில் பாதிப் பேர் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள், மீதிப் பேர் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார்கள். நான் பவுச்சையும் சூப்பையும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 46 வயது, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் செய்கிற வேலை. சர்க்கரை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பயந்துதான் காலையில் தண்டால், பஸ்கி என்று ஏதோ செய்துகொண்டிருந்தேன். எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மற்ற உடம்பை யார் பார்ப்பது என்பதுதான் என் கவலை. இந்தப் பதினொரு மாதத்தில் வாங்கியது, செய்தது, சொதப்பியது எல்லாம் கீழே.

முதலில் பவுச். 380 ரூபாய். கடைக்காரர் மாட்டிவிட்டபடியே போட்டிருந்தேன். மூன்றாம் நாள் எலும்பைவிடக் கழுத்துதான் வலித்தது. பட்டை கழுத்தில் ஏறும் இடத்தில் பழைய துவாலைத் துண்டை மடித்து வைத்த பிறகு சரியானது. முழங்கை பவுச்சின் மூலைவரை போய் உட்கார வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். நான் தொங்கவிட்டே திரிந்ததில் விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற சோப்பு தேவைப்பட்டது. இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்: இரண்டு பவுச் வாங்குங்கள். மூடுபனியில் ஒன்றைத் துவைத்துப் போட்டால் இரண்டு நாளுக்குக் காயாது, ஈரத்தோடு மாட்டினால் அக்குளில் தடிப்பு வந்துவிடும்.

ஸ்வெட்டர் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இது தெரியாமல் முதல் வாரம் தினமும் கண்ணில் தண்ணீர். தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டர்கள் எல்லாம் பீரோவுக்குப் போயின. அப்பாவின் பழைய பட்டன் ஸ்வெட்டர் வெளியே வந்தது. குரங்குக் குல்லா மட்டும் ஒற்றைக் கையால் முடியாது, அதை மனைவிதான் போட்டுவிடுவாள்.

பத்தாம் நாள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் நடக்கவில்லை. கொடையில் எந்தத் தெருவும் ஏற்றம் அல்லது இறக்கம், மழைக்குப் பிறகு பாசி வேறு. ஒரு கை கட்டியிருக்கும்போது உடம்பு நிலை தடுமாறினால் பிடிக்கக் கை கிடையாது, விழுந்தால் அதே தோளில்தான் விழுவோம். அதனால் ஆட்டோ பிடித்து ஏரிக்குப் போனேன். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் வெட்டிவைத்த ஏரி. சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். நட்சத்திர வடிவம் என்று டூரிஸ்டுகளிடம் பெருமையாகச் சொல்வோம். நடக்கிறவனுக்கு அதன் அர்த்தம் வேறு. ஏரியின் ஒவ்வொரு கிளையாக உள்ளே போய் வெளியே வர வேண்டும். அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் தெரிகிற ஆளை அடைய இருபது நிமிஷம் ஆகும்.

ஏரி எப்போதும் இடது கைப் பக்கம் வருகிற மாதிரிச் சுற்றினேன். அடிபட்ட தோள் கம்பி வேலிப் பக்கம் இருக்கும், வாடகை சைக்கிளில் ஆடி ஆடி வருகிறவர்கள் வலது பக்கத்தோடு போய்விடுவார்கள். ஆறு மணிக்கு இறங்கினால் சைக்கிளும் இல்லை, குதிரையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன அன்று பாதியில் திரும்பினேன். மூன்றாவது வாரம் முழுச் சுற்றுக்கு 85 நிமிஷம். இப்போது 52. வாங்கியது, வாங்காதது எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த ரோடுதான்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஹோம்ஸ்டே ஒன்றைக் காலி செய்தவரிடம் பழைய உடற்பயிற்சி சைக்கிள் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹேண்டிலைப் பிடித்துக் குனியக் கூடாது. முதுகை நிமிர்த்தி, வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். வேகத்துக்கு மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மைத்துனனுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே மிதிப்பேன். மூச்சு வாங்கினாலும் வாக்கியம் அறுந்துபோகாத வேகம் போதும். குறை என்றால் துரு. ஜன்னல் ஓரம் வைத்ததில் இரண்டே மாதத்தில் கிறீச் கிறீச் என்று கத்த ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், அது குளிரில் உறைந்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்ட பிறகு அடங்கியது.

பஸ்கியை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாக மாற்றிக்கொண்டேன். தோப்புக்கரணமும் போட்டேன், ஒரு காதை மட்டும் பிடித்துக்கொண்டு. பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை பிசியோவைப் பார்க்க மதுரைக்கு பஸ். இடது தோள் ஜன்னலில் இடிக்காமலிருக்க டிரைவர் பக்க வரிசையில் ஜன்னலோரம் நான், எனக்கு இடது பக்கம் அரணாக மனைவி. அந்த பிசியோ தம்பிதான் நல்ல கைக்கும் வேலை கொடுங்கள் என்றார். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கிற மறு பக்கமும் கொஞ்சம் பலம் பெறும் என்று 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறார்களாம். தசை பெருப்பதால் இல்லை, மூளையும் நரம்பும் பழகுவதால். நம்பிக்கை இல்லாமல்தான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வலது கையால் தூக்கினேன். எனக்குப் பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது? காலையில் ஒரு வேலை இருந்தது, அதுவரை சரி.

ஆறு வாரம் கழித்து பவுச்சைக் கழற்றியபோது கை யாருடையதோ மாதிரி இருந்தது. மேஜையில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டுச் சுவர்க் கடிகாரத்து ஊசல் போல ஆட்ட வேண்டும். அப்புறம் சுவரில் விரல்களால் சிலந்தி மாதிரி ஏற வேண்டும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஏறினேன், வாரா வாரம் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடும் தேதியும். முதல் கோடு மார்பளவில். பிள்ளைகள் உயரத்துக்குப் போடுகிற கோடு மாதிரியே இருக்கும்.

தோளுக்குப் பலம் வர இழுத்துப் பழகுகிற ரப்பர் பட்டை மஞ்சள், சிவப்பு, பச்சை என்று மூன்றாக வந்தது, 600 ரூபாய். மஞ்சள் இலேசு, பச்சை கடினம். டிசம்பர், ஜனவரிக் காலையில் தோள் திறக்கவே மறுத்தது; வெந்நீர்ப் பை பத்து நிமிஷம் வைத்தால்தான் அசையும். கடைசியில் நேரத்தையே மாற்றி, பதினோரு மணி வெயிலில் கடை வாசலில் நின்று இழுக்க ஆரம்பித்தேன். ஸ்டேஷனரி வாங்க வந்த ஒருவர், “சார், இந்த ரப்பர் என்ன விலை?” என்றார். ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்ததில் விளிம்பு கீறி பிப்ரவரியில் சிவப்புப் பட்டை அறுந்து கன்னத்தில் அறைந்தது. இப்போது கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் துணி சுற்றுகிறேன். ஒட்டிக்கொள்ளாமலிருக்க பவுடர் தூவி மடிக்கிறேன். பச்சையை இன்னும் பிரிக்கவில்லை.

இனி சொதப்பல். நாலாம் மாதம், வலி போய்விட்டதே என்று ஒரு காலை தரையில் கை ஊன்றித் தண்டால் எடுத்தேன். மூன்று சரியாக வந்தது. நாலாவதில் தோளுக்குள் ஏதோ நறுக்கென்றது. பத்து நாள் அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. “அண்ணே, எலும்பு ஒட்டிருச்சு, தசை இன்னும் எந்திரிக்கல” என்றார் பிசியோ தம்பி. முதுகுப் பக்கத் தோள்பட்டைத் தசை பலமில்லாமல் தண்டால் எடுத்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்குமாம். மறுபடி சுவரில் கை ஊன்றித் தள்ளுவதிலிருந்து தொடங்கினேன். பிறகு மேஜை, பிறகு கட்டில், மே மாதம்தான் தரை. இப்போது பன்னிரண்டு எடுக்கிறேன். தாத்தாவின் கர்லா கட்டை மூலையிலேயே இருக்கிறது, அதைத் தொடுகிற தைரியம் வரவில்லை.

விழுந்தபோது 74 கிலோ, நவம்பரில் 76, இப்போது 72. எலும்பு ஒட்டிய இடத்தில் ஒரு மேடு நின்றுவிட்டது, பை வாரை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். மறுபடி வாங்குவதானால் இரண்டு பவுச், மஞ்சள், சிவப்புப் பட்டை மட்டும் வாங்குவேன். சைக்கிள், மழை நிற்காத ஊர்க்காரர்களுக்கு.

பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சுவரை மட்டும் விடச் சொன்னேன். போன வாரம் பக்கத்தில் வலது கைக்கும் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். இடது கைக் கோடு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது.