மூன்று தலையணையும் ஒரு மதகும்

பெட்டியை இறக்கி வைத்த கையோடு கண்ணில் பட்டது அம்மாவின் கட்டில். மூன்று தலையணை, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது ஒன்றுதான் இருந்தது. "படுத்தா மூச்சு முட்டுது, சாஞ்ச மாதிரி இருந்தாத்தான் கண்ணசருது" என்றாள், ஏதோ கொசுத் தொல்லையைச் சொல்வதுபோல.

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மூன்று வாரம் லீவு. பொங்கல், குலதெய்வம் கோயில், வங்கியில் கேஒய்சி, வீட்டு வரி என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பொங்கல் மட்டும் நடந்தது. மிச்ச நாளெல்லாம் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்ததில் போயிற்று. என்னைப் போல லீவில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போகிறவர்கள் யாருக்காவது பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையிலிருந்தே அம்மாவுக்கு இரைப்பு. டவுனில் ஒரு கிளினிக்கில் "வீசிங்" என்று சொல்லி, போகும்போதெல்லாம் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்கவைத்து, ஓர் ஊசி, ஒரு இன்ஹேலர். ஒரு தடவைக்கு 450 ரூபாய். டாக்டர் கழுத்தில் ஸ்டெத் தொங்கியது வாஸ்தவம். அது தன் நெஞ்சுப் பக்கம் வந்ததாக அம்மாவுக்கு ஞாபகமே இல்லை.

விஷயத்தைப் பிடித்தது யார் தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண். பிரஷர் மாத்திரை கொடுக்க மாதாமாதம் வருகிறவர். நான் வந்த மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து அம்மா கையில் பட்டையைச் சுற்றினார். மிஷினில் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு இதயப் படம் மின்னியது. "நாடி சீரா இல்லேன்னா இது மின்னும்க்கா. பெரியம்மாகிட்ட ரெண்டு மாசமா சொல்றேன், ஈசிஜி எடுங்கன்னு. வயசானா அப்படித்தான்ங்கிறாங்க."

நானும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று துடிப்பு வேகமாக, ஒரு இடைவெளி, இரண்டு துடிப்பு, இன்னும் நீளமான இடைவெளி. மேளம் தெரியாதவன் கையில் தவிலைக் கொடுத்தமாதிரி.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையம். போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் ஈசிஜி எடுத்துவிட்டார்கள், காசு கிடையாது. கைகால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் ஆறு. டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அந்த ரோஸ் கட்டம் போட்ட தாளைப் பார்த்துவிட்டு ஓபி சீட்டின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டார். நாற்பத்தைந்து வயதில், ஒன்பதாம் வகுப்பு அறிவியலை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தது அங்கேதான்.

இதயத்தில் நான்கு அறை. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையின் சுவரில் சின்னதாக ஒரு திசு, அதுதான் தாளக்காரர். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு அறுபதிலிருந்து நூறு தடவை அது மின் துடிப்பை எழுப்பும். அந்த மின்சாரம் மேலறைகள் முழுக்கப் பரவி அவற்றைச் சுருங்கவைக்கும். பிறகு நடுவில் உள்ள ஒரு ஸ்டேஷனில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும். அந்தச் சின்னக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது: மேலறை பிழிந்து தள்ளிய ரத்தம் கீழறையில் போய்ச் சேர அவகாசம் வேண்டும். அதன் பிறகே மின்சாரம் கீழே இறங்கி, கீழறைகள் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். தாளில் பெரிய முள்ளாகத் தெரிவது அந்தச் சுருக்கத்துக்கான மின்சாரம். முள்ளுக்கு முன்னால் சின்ன மேடாக ஒரு 'பி' வரவேண்டும், அது மேலறைகளுடையது. அம்மாவின் தாளில் 'பி'யைக் காணோம். கோடு பொடிப்பொடியாக நடுங்கியது. மேலறை சுருங்காமல் சும்மா உதறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். அம்மாவை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தினார். வாசலில் சத்தம் போட்டவர்களை நர்ஸ் அடக்கினார். இடது மார்புக்குக் கீழே, இதயத்தின் நுனி இடிக்கும் இடத்தில் ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முழுசாக ஒரு நிமிஷம். பிறகு ஸ்டெத்தை என் காதில் மாட்டிவிட்டார். எல்லோரும் சொல்கிற லப்-டப் கேட்டது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவுகள் மூடுவது லப், ரத்தம் வெளியேறும் வாசல் கதவுகள் மூடுவது டப். அந்த டப்புக்குப் பிறகு, அமைதியாக இருக்கவேண்டிய இடத்தில், தூரத்தில் மாட்டு வண்டி போவதுபோல ஒரு உருளல். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு மூட்டா வீங்குச்சாம்மா?" என்று கேட்டார். வந்ததாம். பதினோரு வயதில், ஒரு முட்டி வற்றினால் மறு முட்டி. பாட்டி பத்துப் போட்டாளாம்.

வாதக் காய்ச்சல். தொண்டைப் புண்ணில் தொடங்குவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பும் படை, ஆள் தெரியாமல் இதயத்தின் வால்வையும் தாக்கிவிடும். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்கள் மத்தியில் ஒரு பழமொழியே உண்டாம். முட்டி வீக்கம் ஒரு மாதத்தில் போய்விட்டது. வால்வு ஐம்பது வருஷமாக மெல்ல மெல்லத் தடித்து ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அப்போதே தெரிந்திருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு, காய்ச்சல் திரும்பத் திரும்ப வராமல் தடுத்திருக்கலாம். என் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா உட்கார்ந்தே தூங்கினாள் என்பதை வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்வோம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடும் என்று அன்று தெரிந்துகொண்டபின் அந்தக் கதைக்குச் சிரிக்க முடியவில்லை.

எக்கோவுக்கு, அதாவது இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் ஸ்கேனுக்கு, தஞ்சாவூர். இங்கிலாந்தில் இந்த மாதிரிப் பரிசோதனையை ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதுதான் இலக்கே. இங்கே காலையில் போன் செய்தேன், மதியம் இரண்டு மணிக்கு அம்மா மேஜையில் படுத்திருந்தாள். 1,800 ரூபாய். கார்டு மிஷின் மட்டும் நான் எங்கே போனாலும் "ஒர்க் ஆகல மேடம்". ஜிபே இல்லாதவளைக் கவுண்டரில் பார்த்த பார்வை இருக்கிறதே, பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற வந்தவளைப் பார்ப்பது போல. வருகிறவர்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு தம்பியைக் கூட்டிப்போங்கள்.

எக்கோ எடுத்த பெண் பேசுகிற ரகம். திரையை என் பக்கம் திருப்பிவைத்தார். சிவப்பும் நீலமுமாக ரத்தம் பாய்ந்தது. "நீலம் கெட்ட ரத்தமா?" என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான்க்கா கேக்குறாங்க. இந்தக் கருவியப் பாத்து வர்றது சிவப்பு, விலகிப் போறது நீலம். அவ்வளவுதான்." பள்ளிக்கூடப் படத்தில் பாதி நீலம், பாதி சிவப்பு. அதை மனசில் வைத்துக்கொண்டு எக்கோ பார்த்தால் தலைகீழாகத்தான் புரியும்.

உடம்பிலிருந்து ஆக்சிஜன் தீர்ந்து வரும் ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கே காற்றைப் பிடித்துக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. அங்கிருந்து இரண்டு இதழ் கொண்ட மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறை. அதுதான் உடம்பு முழுக்கத் தள்ளுகிற அறை, அதனால் வலது பக்கத்தைவிட அதன் சுவர் மூன்று மடங்கு தடிப்பு. ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர். இத்தனையையும் செய்வது மூடின கை அளவுள்ள ஒரு தசை.

திரையில் மற்ற வால்வுகள் ஈரத்துணி படபடப்பதுபோல லேசாக அடித்துக்கொண்டிருந்தன. மைட்ரல் மட்டும் விறைத்து, நுனி ஒட்டி, நடுவில் மீன் வாய் போல ஒரு பிளவு. திறப்பு நான்கிலிருந்து ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அம்மாவுக்கு 1.1.

ரிப்போர்ட்டைப் பார்த்த தம்பிக்கு வேறு பயம். "பம்பிங் 60 சதவீதம்னு போட்டிருக்கு, நாப்பது போயிடுச்சாக்கா?" இல்லை. கீழறை எந்தத் துடிப்பிலும் முழுசாகக் காலியாவதே இல்லை. 120 மில்லி நிரம்பினால் 70 போகும், மிச்சம் உள்ளேயே நிற்கும். 60 என்பது முழு ஆரோக்கியம். அம்மாவின் பம்பு பழுதில்லை, பம்புக்கு முன்னாலுள்ள கதவுதான்.

இதய டாக்டரிடம் டோக்கன் 47. ஐந்து மணிக்கு வரச்சொன்னார்கள், உள்ளே விட்டது ஒன்பதரைக்கு. உட்கார நாற்காலி போதவில்லை, மூச்சுமுட்டுகிறவர்களையாவது முதலில் விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் உள்ளே போனபின் அந்த மனிதர் அவசரப்படவில்லை. "எந்த ஊர்?" "மன்னார்குடி பக்கம்." "பாமணி ஆத்துப் பாசனமா?" அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாய்க்கால் மதகுல ஷட்டர் துருப்பிடிச்சுப் பாதிக்கு மேல தூக்க முடியலன்னு வச்சுக்கங்கம்மா. தண்ணி வந்துகிட்டே இருக்கு. என்ன ஆகும்?"

"மேக்கால வயல்ல ஏறி நிக்கும்."

"அதான். உங்க மேல் வயல் நுரையீரல்."

படுக்கும்போது காலில் நிற்கும் ரத்தமும் சேர்ந்து நெஞ்சுக்குத் திரும்பும், மதகில் தேக்கம் கூடும். அதனால்தான் மூன்று தலையணை. மாடிப்படி ஏறினால் இரைப்பதற்குக் காரணம் இன்னும் நுட்பமானது. நிமிஷத்துக்கு 75 தடவை துடிக்கும்போது ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி. அதில் சுருங்குவது 0.3, தளர்ந்து நிரம்புவது 0.5. வேகம் கூடினால் வெட்டு விழுவது பெரும்பாலும் நிரம்பும் நேரத்தில்தான். வால்வு நன்றாகத் திறந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. பிளவு சின்னதாக இருந்தால் அந்தக் குறைந்த நேரத்தில் ரத்தம் கடந்து தீராது. ஆக, மாத்திரைகள் செய்வது இரண்டு வேலை: ஒன்று துடிப்பை நிதானமாக்கி மதகு திறந்திருக்கும் நேரத்தை நீட்டும், இன்னொன்று சிறுநீராகப் போகவைத்து வரத்தைக் குறைக்கும். ஐந்தாம் நாள் ஒரு தலையணை தரைக்கு வந்தது. இன்ஹேலரை அம்மாவே பரணில் போட்டுவிட்டாள்.

மதகை அகலப்படுத்த ஒரு வழி உண்டு. தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை வலது மேலறைக்கு ஏற்றி, இரண்டு மேலறைக்கும் நடுச்சுவரில் ஊசித்துளை போட்டு, இடப்பக்கம் நுழைந்து, வால்வுக்குள் வைத்து ஊதுவது. ஜப்பானின் இனோவே என்ற டாக்டர் 1980களில் கொண்டுவந்தது, நெஞ்சைத் திறக்க வேண்டாம். நான் லெஸ்டருக்குப் போவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குமுன் தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஒரு எக்கோ. உணவுக்குழாய் இடது மேலறையின் முதுகை ஒட்டிப் போகிறது, ஆகவே அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஜன்னலில் பார்ப்பதுபோலத் தெரியும். இடது மேலறையின் ஓரத்தில் காது மாதிரி ஒரு பை தொங்கும். பள்ளியில் 'ஆரிக்கிள்' என்று நெட்டுருப் போட்டோமே, அந்த லத்தீன் சொல்லுக்குக் குட்டிக் காது என்றுதான் பொருளாம். மேலறை பிழியாமல் உதறும்போது ரத்தம் தேங்குவது அந்தக் காதில்தான். அம்மாவுக்கு அங்கே ஒரு கட்டி உறைந்திருந்தது. பலூன் கம்பி அதில் பட்டுப் பெயர்ந்தால் நேரே மூளைக்குப் போகும். "இப்பத் தொடக்கூடாது. கரையட்டும், மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பொங்கல் சமயம் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே ரிப்போர்ட்டைக் காட்டியபோது, தொண்டை எக்கோ என்ற பேச்சே இல்லாமல் மறுநாளே அட்மிஷன், பேக்கேஜ் என்று தாளை நீட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கிறவள் என்று தெரிந்ததும் ஏசி ரூமின் படம் வேறு. எனக்கு லீவு குறைவு என்பதால் கையெழுத்துப் போட்டிருப்பேன். தம்பிதான் "இன்னொருத்தர்ட்ட கேட்டுருவோம்க்கா" என்றான்.

கட்டி கரைய அசிட்ரோம் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. இங்கிலாந்தில் தெரிந்தவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுகிறார்களே என்று கேட்டேன். வாதக் காய்ச்சலில் கெட்ட வால்வுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022ல் வந்த ஆய்வில் தெரிந்துவிட்டது என்றார் இதய டாக்டர். அதனால் பிடி-ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற பரிசோதனை, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் எங்காவது கசியும். லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறான், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிசல்ட். இந்தச் சேவைக்கு நான் முழு மார்க் போடுவேன்.

கீரைதான் வம்பு. அதிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராளி. சித்தி "கீரையே ஆகாதாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னது வேறு: வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் எப்போதும் இரண்டு நாள், ஒரு வாரம் முருங்கையாகத் தின்றுவிட்டு மறுவாரம் பட்டினி போடக்கூடாது.

ஜனவரி 28, வழக்கமாக மேட்டூரை மூடும் தேதி, அன்றைக்குத்தான் திருச்சியில் விமானம் ஏறினேன். அதற்குப் பிறகு வந்த ஐஎன்ஆர் எண்கள்: 1.6, 1.9, 2.3, 2.4. அடுத்த தொண்டை எக்கோ ஏப்ரலில், ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன்.

நேற்றுப் பேசும்போது அம்மா சொன்னாள்: "செவ்வாயும் வெள்ளியுந்தான் கீரை. நேத்து வியாழக்கெழம, உங்க சித்தி பொன்னாங்கண்ணி பறிச்சிக்கிட்டு வந்து நிக்கிறா. நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன்."